சந்தைக்கும் சட்டிக்கும் நடுவே: பெங்களூர் நாட்குறிப்பு

வியாழன், சிவாஜிநகர்

அல்சூரில் சித்தி வீட்டில் பையை வைத்துவிட்டு ரசல் மார்க்கெட்டுக்குப் போனபோது காலை வியாபாரம் பாதி முடிந்திருந்தது. 1927இல் கட்டப்பட்டு 1933இல் திறக்கப்பட்ட இந்தச் சந்தைக்குள் காய்கறி, பூ, மீன், இறைச்சி என்று பகுதி பகுதியாகக் கடைகள் உள்ளன. கறிக்கடைகளில் கன்னடமும் உருதும் தமிழும் ஒரே வாக்கியத்துக்குள் கலந்து வருவதைக் கேட்கலாம். எனக்குத் தெரிந்தவர் மூலம் அறிமுகமான பாய், ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் இங்கு வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். புளியங்கட்டையின் மேல் தொடையைத் துண்டு போட்டுக்கொண்டே அவர் பேசினார்.

நான் வந்த நோக்கத்தை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. 2023-24இல் இந்தியாவின் இறைச்சி உற்பத்தி 1.025 கோடி டன் என்று ஒன்றிய அரசின் கால்நடைப் புள்ளிவிவரம் சொல்கிறது. அதில் ஏறத்தாழப் பாதி கோழி. எருமை 18 விழுக்காடு. வெள்ளாடும் செம்மறியும் சேர்ந்து கால் பங்குக்குச் சற்று மேல். மொத்தத்தையும் மக்கள்தொகையால் வகுத்தால் ஆளுக்கு ஆண்டுக்கு 7 கிலோவைச் சுற்றித்தான் வருகிறது. 2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம்மிடம் 14.88 கோடி வெள்ளாடுகளும், 7.42 கோடி செம்மறிகளும், ஏறக்குறைய 11 கோடி எருமைகளும் இருக்கின்றன. இவ்வளவு கால்நடையும், நாளுக்கு நாள் ஏறும் தேவையும் இருந்தும், ஆட்டுக்கறி வாங்குகிறவருக்கும் கட்டுப்படியாகவில்லை, ஆடு வளர்ப்பவருக்கும் கட்டுப்படியாகவில்லை என்றால், பணமும் தரமும் நடுவில் எங்கோ சிந்துகின்றன. அந்த நடுப்பகுதியைப் பார்ப்பதற்காகவே பெங்களூரைத் தேர்ந்தெடுத்தேன். செம்மறி எண்ணிக்கையில் தெலங்கானாவுக்கும் ஆந்திராவுக்கும் அடுத்த இடம் கர்நாடகத்துக்கு. கோழியோ ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகத் தமிழ்நாட்டிலிருந்தும் வருகிறது. ஆராய்ச்சி நிலையங்களும் இந்நகரிலேயே இருக்கின்றன.

பாயின் கணக்கு எளிமையானது. 24, 25 கிலோ உயிர் எடையுள்ள கிடாவில் 11 அல்லது 12 கிலோ கறி விழும். தலை, கால், குடல், ஈரல், சுவரொட்டி எல்லாம் தனித்தனியாக விலை போகும். கறி கிலோ 800 ரூபாய்க்கு மேல் விற்றாலும் தமக்கு மிஞ்சுவது இந்த உதிரிச் சாமான்களில்தான் என்கிறார். முன்பெல்லாம் தோல் விற்ற காசில் வெட்டுக்கூலி கழிந்துவிடுமாம். இப்போது தோல் விலை விழுந்து, எடுத்துப் போக ஆளைத் தேட வேண்டியிருக்கிறது. ஆம்பூர்க்காரர் வாயிலிருந்து தோலைப் பற்றிய இந்த வார்த்தை வந்ததால் அதை நம்பாமல் இருக்க முடியவில்லை. கறி விலை ஏறியதற்குத் தீவனமும் டீசலும் மட்டும் காரணமில்லை, தோலின் பங்கு கறியின் தலையில் ஏறியதும் ஒரு காரணம் என்பதை எந்த விலைப் பட்டியலிலும் நான் பார்த்ததில்லை.

வெள்ளி, டேனரி சாலை

வெள்ளிக்கிழமை கிருஷ்ணகிரி மாவட்டத்தின் குந்தாரப்பள்ளியில் ஆட்டுச் சந்தை. அங்கே விடிவதற்குள் வாங்கி, பிற்பகலில் பெங்களூருக்கு ஏற்றி வரும் வியாபாரி ஒருவரைச் சந்திக்க பாய்தான் வழி செய்தார். டேனரி சாலையை ஒட்டிய ஒரு கொட்டகையில் டெம்போ வந்து நின்றது. இறங்கிய ஆடுகள் முதலில் தண்ணீர்த் தொட்டியைத் தேடி ஓடின. வியாபாரியை எல்லோரும் அண்ணன் என்றே அழைத்தார்கள், நானும் அப்படியே அழைத்தேன்.

ஆட்டை மதிப்பிடும் முறையைக் காட்டச் சொன்னேன். அவர் ஒரு செம்மறிக் கிடாவின் இடுப்பெலும்புக்கு முன்னால், முதுகுத்தண்டின் இரு பக்கமும் கட்டைவிரலையும் நடுவிரலையும் வைத்து அழுத்தினார். எலும்பின் விளிம்பு விரலில் குத்தினால் சதை இல்லை. குத்தாமல் மெத்தென்று அமுங்கினால் கறி உண்டு. பிறகு வாலின் அடியைப் பிடித்துக் கொழுப்பைப் பார்த்தார், அடிவயிற்றைக் கையால் தூக்கித் தீனி எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று கழித்துக்கொண்டார். "பதினொண்ணு விழும், மேல ஒரு கால் கிலோ இருக்கலாம்" என்றார். எல்லாம் சேர்த்து அரை நிமிடம்கூட ஆகவில்லை. அந்தக் கிடாவின் கொம்பில் சிவப்புச் சாயம் தடவச் சொல்லி, மறுநாள் எடையைப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

சந்தையில் விலை பேசுவது துண்டுக்கு அடியில் விரல் பிடித்துத்தான். விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் நடுவில் தரகர் நிற்கிறார். பக்கத்தில் நிற்கும் அடுத்த விவசாயிக்கு அந்த விலை தெரியாது. இதில் அழகு இருக்கிறது என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் தெரிவது வேறு. விரல் பழகிய வியாபாரிக்கு ஆட்டின் கறி எடை கால் கிலோவுக்குள் தெரிகிறது. ஆண்டுக்குப் பத்து ஆடு விற்கும் விவசாயிக்கு அது தெரியாது. விலை அந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

இதே கர்நாடகத்தில் ஒரு கிராமத்துப் பெண் இரண்டு லிட்டர் பாலைக் கொண்டுபோய்க் கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றினால், கொழுப்பும் கொழுப்பற்ற திடப்பொருளும் அளந்து அதற்கேற்ற தொகை அவர் கணக்கில் ஏறுகிறது. நந்தினி என்ற பெயரில் நகரத்தில் விற்கும் பாலுக்கு அடித்தளம் இந்த அளவைதான். ஆட்டுக்கோ, கோடிக்கணக்கில் புழங்கும் வணிகமாக இருந்தும், ஊரிலும் சந்தையிலும் தராசு வந்து சேரவே இல்லை. அளக்கப்படாத பொருளுக்குத் தரம் கேட்க முடியாது. நல்ல இனத்துக் கிடாவை வளர்த்தவனும், கிடைத்ததை வளர்த்தவனும் ஒரே மதிப்பீட்டில் விற்றுவிட்டுப் போனால் இனவிருத்திக்கு யார் செலவு செய்வார்கள்? மைசூர், மண்டியா பகுதியின் பன்னூர் செம்மறியின் கறிச் சுவையைப் பற்றிப் பெங்களூரில் பேசாதவர் இல்லை. ஆனால் கடையில் தொங்கும் கறி பன்னூர்தான் என்று உறுதி சொல்ல ஒரு சீட்டும் கிடையாது. கலப்பு பெருகித் தூய இனம் அருகிவருவதில் வியப்பில்லை.

சனி, விடியுமுன்

டேனரி சாலையின் இறைச்சிக்கூடப் பக்கம் அதிகாலையில் ஓய்வு என்பதே கிடையாது. தொழிலாளர்களுக்கும் படம் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட மேற்பார்வையாளருக்கும் மதிப்பளித்து, அங்கே பார்த்த எல்லாவற்றையும் இங்கு எழுதவில்லை. சிவப்புச் சாயக் கிடா மட்டும்: உரித்துச் சுத்தம் செய்து தொங்கவிட்டபின் 11 கிலோ 200 கிராம். அண்ணன் அங்கே இல்லை. இருந்திருந்தாலும் வியந்திருக்க மாட்டார்.

எழுத வேண்டியது விதிகளைப் பற்றி. 2001ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகள், ஒரு கால்நடை மருத்துவர் மணிக்கு 12க்கு மேல், நாளுக்கு 96க்கு மேல் கால்நடைகளைப் பரிசோதிக்கக் கூடாது என்கின்றன. சினைக் கால்நடையையும், மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டியுள்ள தாயையும் வெட்டக் கூடாது. ஒரு கால்நடையின் கண்ணெதிரே இன்னொன்றை வெட்டக் கூடாது. நல்ல விதிகள்தான். ஆனால் 96 என்ற எண்ணை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் ஆடு வேண்டிய ஒரு நகருக்குப் பதினோரு மருத்துவர்கள் ஒவ்வொரு விடிகாலையிலும் நிற்க வேண்டும். ஒரு கோடிக்கு மேல் மக்கள் வாழும் நகரின் ஞாயிற்றுக்கிழமைத் தேவை எவ்வளவு என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம். விதிக்கும் ஆள்பலத்துக்கும் இடையிலுள்ள இந்தப் பள்ளத்தை நாடெங்கும் கடையின் பின்கட்டுகள்தான் நிரப்புகின்றன. பின்கட்டில் வெட்டும் ஆட்டுக்கு முன் பரிசோதனையும் இல்லை, ஈரலைப் புரட்டிப் பார்த்துத் தட்டைப் புழு இருக்கிறதா என்று தேடும் பின் பரிசோதனையும் இல்லை, முத்திரையும் இல்லை. கழிவு சாக்கடையில் கலக்கிறது. இரத்தமும் இரைப்பைக் கழிவும் ஓரிடத்தில் சேர்ந்தால் சாண எரிவாயுக் கலனுக்கு உணவாகும், ஆயிரம் இடத்தில் சிதறினால் நோயாகும்.

நகரத்துக்கு வெளியே நவீன இறைச்சிக்கூடம் கட்டலாம் என்று பல ஊர்களில் திட்டம் போடுகிறார்கள். இடம் சொன்ன உடனேயே அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் எதிர்ப்பார்கள், திட்டம் கிடப்பில் போகும். பெங்களூரும் இதற்கு விலக்கல்ல. கறி தின்பவர்களும் இறைச்சிக்கூடம் தங்கள் தெருவில் வேண்டாம் என்பார்கள். அவர்கள் மூக்கைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் பழைய கூடங்களைத்தான் அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

பெருங்கால்நடை விஷயம் இன்னும் சிக்கலானது. கர்நாடகத்தின் 2020ஆம் ஆண்டுக் கால்நடை வதைத் தடைச் சட்டம் 2021 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. பசு, காளை, எருது, கன்று எதையும் எந்த வயதிலும் வெட்டக் கூடாது. எருமையை 13 வயதுக்குப் பிறகே வெட்டலாம். மீறினால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. சட்டத்தின் நோக்கத்தை விவாதிக்க இந்தக் குறிப்பில் இடமில்லை, அது நீதிமன்றத்திலும் தேர்தலிலும் பேசப்பட வேண்டியது. கால்நடை அறிவியல் பக்கமிருந்து ஒன்று மட்டும் சொல்லலாம். எருமைக்கு ஐந்து, ஆறு வயதுக்குள் எல்லா வெட்டுப்பற்களும் நிரந்தரப் பற்களாகிவிடும். அதுவரை பல்லைப் பார்த்து வயதைச் சொல்லலாம். அதன்பின் பல் தேய்மானத்தையும் கொம்பு வளையத்தையும் பார்த்து உத்தேசமாகத்தான் சொல்ல முடியும். பிறப்புப் பதிவு இல்லாத எருமைக்கு 12 வயதா 13 வயதா என்று பல்லைப் பிடித்துப் பார்த்துச் சான்று கொடுக்கும் மருத்துவரின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

பால் வற்றிய மாட்டையும் ஆண் கன்றையும் விற்க வழியில்லாத பால் பண்ணையாளருக்கு அது ஒரு சுமை. எருமைக்கிடாக் கன்றோ பல இடங்களில் தாய்ப்பால் போதாமலே சாகிறது. அதை ஓராண்டு வளர்த்துக் கறிக்கு விற்றால் பண்ணைக்கு வருமானம் என்று ஆராய்ச்சியாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். 13 வயது வரை காத்திருந்து யார் வளர்ப்பார்கள்? கோவாவின் மாட்டிறைச்சித் தேவை வடகர்நாடகத்தை நம்பியிருந்ததால், இந்தச் சட்டம் வந்தபோது அங்கேயும் தட்டுப்பாடு ஏற்பட்டது.

ஞாயிறு

இன்று நகரமே வரிசையில் நிற்கிறது. சித்தப்பா ஆறு மணிக்கே கிளம்பிவிட்டார். யுகாதிக்கு மறுநாள் வரும் ஹொசதொடகு அன்று இதைவிடக் கூட்டம் இருக்கும், நள்ளிரவு தாண்டியதுமே ஆட்கள் வந்து நிற்பார்கள் என்றார். அந்த நாளுக்காக மாதம்தோறும் கறிச் சீட்டுக் கட்டுகிறவர்கள் உண்டு. தீபாவளிச் சீட்டைப் போலத்தான். கிராமங்களில் சிலர் சேர்ந்து ஆடு வாங்கி வெட்டிக் கூறு போட்டுக்கொள்வதும் நடக்கிறது. எந்த நாளில் எத்தனை குடும்பத்துக்கு எத்தனை கிலோ வேண்டும் என்பது இந்தச் சீட்டு நோட்டுகளில் ஓராண்டுக்கு முன்பே எழுதப்பட்டிருக்கிறது, பணமும் முன்பே கட்டப்பட்டிருக்கிறது. தொழில்முனைவோர் தேடி அலையும் சந்தைக் கணிப்பும் முன்பணமும் இதுதானே என்று தோன்றியது. மதியம் சாப்பிட்டுத் தூங்கிவிட்டேன்.

திங்கள், ஆனேக்கல் பக்கம்

கோழியின் உலகம் வேறு. அத்திப்பள்ளியைத் தாண்டும் வழியில், தமிழ்நாட்டு எண் கொண்ட லாரிகளில் நீலப் பெட்டிகளில் கோழிகள் அடுக்கிப் போவதை எந்த நேரத்திலும் பார்க்கலாம். ஆனேக்கல் வட்டாரத்தில், தருமபுரியைச் சேர்ந்த ஒரு குடும்பம் குத்தகை நிலத்தில் நடத்தும் 5,000 கோழிக் கொட்டகைக்குப் போயிருந்தேன். வாசலில் சுண்ணாம்பு, கால் நனைக்கக் கிருமிநாசினி. உள்ளே தென்னை நார்க்கழிவு பரப்பிய தரையில் மூன்று வாரக் குஞ்சுகள்.

ஒப்பந்த முறை கொங்கு நாட்டில் பிறந்து நாடெங்கும் பரவியது. 1984இல் உடுமலைப்பேட்டையில் தொடங்கிய சுகுணா நிறுவனம் அதற்குப் பெயர் பெற்றது. கம்பெனி குஞ்சு, தீவனம், மருந்து, மேற்பார்வை தரும். விவசாயி கொட்டகை, தண்ணீர், மின்சாரம், உழைப்பு தருவார். 40 நாளை ஒட்டி கோழி 2 கிலோவைத் தொட்டதும் கம்பெனியே பிடித்துப்போகும், வளர்ப்புக் கூலியைக் கிலோ கணக்கில் கொடுக்கும். ஒரு கிலோ உயிர் எடைக்குச் சுமார் 1.6 கிலோ தீவனம் என்ற அளவுக்கு இந்தத் தொழில் தேர்ந்துவிட்டது. ஆட்டுக்கு இல்லாத தராசு இங்கே குஞ்சு வந்த நாளிலிருந்தே தொங்குகிறது. வாரம்தோறும் எடை, இறப்புக் கணக்கு, தீவன மூட்டைக் கணக்கு என்று சுவரில் மாட்டிய அட்டையில் எல்லாம் இருக்கிறது. இந்தியாவின் இறைச்சியில் கோழி பாதியைப் பிடித்ததற்கு மத விலக்கு இல்லாததைக் காரணமாகச் சொல்வார்கள். அது உண்மைதான். என்றாலும் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பொறுப்பாளி இருந்ததை நான் அதைவிடப் பெரிய காரணமாகக் கருதுகிறேன்.

அந்தப் பொறுப்பின் பலன் யாருக்கு என்பது வேறு கேள்வி. தமிழ்நாட்டில் வளர்ப்புக் கூலி நெடுங்காலம் கிலோவுக்கு ஆறரை ரூபாயை ஒட்டியே இருந்து, உயர்த்தக் கேட்டு மேற்கு மாவட்டங்களில் பலமுறை போராட்டம் நடந்திருக்கிறது. 5,000 கோழி, 2 கிலோ, ஆறரை ரூபாய் என்றால் ஒரு வளர்ப்புக்கு 65,000 ரூபாய். அதில் மின்கட்டணம், நார்க்கழிவு, ஆள் கூலி, கொட்டகைக் கடன் எல்லாம் போக வேண்டும். எருவை விற்றால் கொஞ்சம் கிடைக்கும். கோழி விலை ஏறினாலும் இறங்கினாலும் கூலி மாறாது என்பது இந்த ஏற்பாட்டின் பாதுகாப்பு, அதன் கூண்டும் அதுவே. "நஷ்டம் எங்களுக்கு இல்லீங்க, லாபமும் எங்களுக்கு இல்லீங்க" என்றார் அந்த அக்கா, குஞ்சுகளுக்குத் தண்ணீர்க் குழாயின் உயரத்தைச் சரிசெய்தபடியே. முதல் பாதி முழு உண்மையில்லை. வெயிலில் கோழி செத்தால் அவர்கள் கூலியில்தான் குறைகிறது. ஏப்ரலில் கொட்டகையைச் சுற்றிச் சாக்குப் படுதா கட்டி, நாளெல்லாம் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கோழித் தொழிலின் கழுத்து தீவனத்தில் மாட்டியிருக்கிறது. உற்பத்திச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு தீவனம்தான், அதாவது மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும். சோயா விலை எகிறிய 2021இல், மரபணு மாற்றிய சோயாப் புண்ணாக்கை 12 லட்சம் டன் வரை இறக்குமதி செய்ய அரசு அனுமதித்தது. மரபணு மாற்றிய சோயாவை வயலில் அனுமதிக்காத நாடு, தீவனத்தில் அனுமதித்தது. அதன்பின் மக்காச்சோளத்தை, பெட்ரோலில் கலக்கும் எத்தனாலைத் தயாரிக்கும் ஆலைகள் வாங்கத் தொடங்கின. ஏற்றுமதி செய்துவந்த இந்தியா 2024இல் இறக்குமதி செய்யும் நிலைக்கு வந்தது. தாவணகெரேயிலும் ஹாவேரியிலும் மக்காச்சோளம் போடும் விவசாயிக்கு விலை கிடைப்பது நல்லதுதான், ஆனால் அதே சோளத்துக்கு வண்டியின் எரிபொருள் கலனும் கோழியின் தீவனத் தட்டும் போட்டியிடும்போது கூலி உயர்வு பேச்சு தள்ளிப் போகும் என்பதை அந்தக் குடும்பம் நன்றாகவே அறிந்திருக்கிறது. பல்லடத்திலிருந்து நாள்தோறும் அறிவிக்கப்படும் பண்ணைக் கொள்முதல் விலையை அவர்கள் கைப்பேசியில் பார்க்கிறார்கள். அதனால் தங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்தும் பார்க்கிறார்கள்.

மருந்து விஷயத்தில் நிலைமை சற்று மாறியிருக்கிறது. மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கோலிஸ்டின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைக் கோழித் தீவனத்தில் கலந்துவந்ததை அரசு 2019இல் தடை செய்தது. தடைக்குப் பின் சோதனை எவ்வளவு நடக்கிறது என்பதில்தான் அதன் மதிப்பு இருக்கிறது.

செவ்வாய், ஹெப்பாளிலிருந்து ஹெசரகட்டா வரை

வடபெங்களூர் கால்நடை அறிவியலின் ஊர். ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரியும், கோமாரி நோய்த் தடுப்பூசியில் நீண்ட வரலாறு கொண்ட இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவன வளாகமும் இருக்கின்றன. எலகங்காவில் கால்நடை நோய்ப் பரவலியல் நிறுவனம் இருக்கிறது. எந்த மாவட்டத்தில் எந்த நோய் வரக்கூடும் என்று அங்கிருந்து இரண்டு மாதம் முன்பே எச்சரிக்கை வெளியிடுகிறார்கள். அடைப்பான், துள்ளுமாரி, நீலநாக்கு, ஆட்டுக்கொல்லி என்று நம் ஆடு மேய்ப்பவர்கள் பெயர் சொல்லி அழைக்கும் நோய்கள் அந்தப் பட்டியலில் மழையோடும் வெப்பத்தோடும் சேர்த்துக் கணக்கிடப்படுகின்றன. எச்சரிக்கை மாவட்ட அலுவலகம் வரை போய்ச் சேர்கிறது. மந்தையோடு நடந்துகொண்டே இருக்கும் குருபர் சமூக மேய்ப்பரிடம் போய்ச் சேருகிறதா என்று கேட்டதற்கு, அங்கிருந்த இளம் மருத்துவர் சிரித்துவிட்டு, "அவரு எந்த மாவட்டத்துல இருக்காருன்னு முதல்ல தெரியணும் சார்" என்றார்.

கோமாரிதான் இத்தொழிலின் ஏற்றுமதிக் கதவுக்குப் பூட்டு. 2013இல் கர்நாடகத்தில் அது பரவியபோது மாடுகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. 2019இல் 13,343 கோடி ரூபாயில் தொடங்கிய தேசியத் திட்டம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தடுப்பூசி போட்டு 2030க்குள் நோயை ஒழிப்பதை இலக்காக வைத்திருக்கிறது. மாட்டின் காதில் 12 இலக்க மஞ்சள் வில்லை இதற்காகவும்தான். நோய் இருக்கும்வரை சப்பானும் கொரியாவும் ஐரோப்பாவும் நம் இறைச்சிக்குக் கதவைத் திறக்க மாட்டா. இப்போது நாம் அனுப்பும் எருமைக்கறி, எலும்பும் நிணநீர்ச் சுரப்பிகளும் நீக்கி, அமிலத்தன்மை போதிய அளவு ஏறும்வரை குளிரில் வைத்து, பிறகு உறையவைத்தது. தசையில் அமிலம் ஏறினால் இந்த நச்சுயிரி பிழைக்காது. இந்த உத்தியால்தான் வியட்நாம், மலேசியா, எகிப்து, ஈராக் போன்ற நாடுகள் வாங்குகின்றன, 2023-24இல் மட்டும் 370 கோடி டாலருக்கு மேல் வந்தது. மலிவு விலைச் சரக்கு என்ற பெயர் மட்டும் போகவில்லை. தடுப்பூசித் திட்டம் முழுமையாக வென்றால் அதே எருமைக்கறி வேறு விலைக்குப் போகும். இத்தொழிலின் எதிர்காலம் பற்றி நம்பிக்கையோடு பேச எனக்கிருக்கும் முதல் காரணம் அதுதான்.

எலகங்காவில் விமானக் கண்காட்சி நடக்கும்போதெல்லாம் சுற்றுவட்டாரக் கறிக்கடைகள் மூடப்படும். 2023இல் விமானப்படைத் தளத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்கு, சனவரி 30 முதல் பிப்ரவரி 20 வரை அசைவம் விற்கவும் பரிமாறவும் மாநகராட்சி தடை விதித்தது. தெருவில் எறியும் கழிவுக்குப் பருந்து வரும், பருந்து விமானத்தில் மோதும் என்பது காரணம். நியாயமான காரணம்தான். கழிவை ஒழுங்காக அள்ளியிருந்தால் பருந்துக்கும் வேலை இருந்திருக்காது, கடைக்காரருக்கும் மூன்று வார வருமானம் போயிருக்காது.

மாலையில் ஹெசரகட்டா. அங்குள்ள மத்தியக் கோழிவளர்ப்பு நிறுவனத்தில் 2012 அக்டோபரில் வான்கோழிகள் ஆயிரக்கணக்கில் இறந்து, பறவைக் காய்ச்சல் என்று உறுதியானது. அரசு நிறுவனத்துக்குள்ளேயே நுழைந்த நோய், வாசல் சுண்ணாம்பை நம்பியிருக்கும் ஆனேக்கல் கொட்டகைக்குள் நுழையாது என்று சொல்ல முடியாது. ஏரிக்கு அப்பால் புல்வெளி நெடுந்தூரம் விரிந்து கிடக்கிறது. பெங்களூரைச் சுற்றி இப்படிப் பரந்த புல்வெளி மிச்சமிருக்கும் இடங்கள் அரிது. செம்மறி வளர்ப்புக்கு மானியம் தருகிறார்கள். தேசியக் கால்நடை இயக்கத்தில் பெரிய ஆட்டுப் பண்ணைக்குப் பாதிச் செலவு, 50 லட்ச ரூபாய் வரை கிடைக்கும். ஆனால் மேய்ச்சல் நிலத்தை மனையாக்கிவிட்டு ஆட்டுக்கு மானியம் கொடுத்தால், அது தீவனக் கடைக்காரருக்குக் கொடுத்த மானியமாகத்தான் முடியும்.

புதன், கோரமங்கலா, பிறகு மீண்டும் டேனரி சாலை

கைப்பேசியில் ஆர்டர் செய்தால் கறி வீட்டுக்கு வரும் வணிகத்துக்குப் பெங்களூர் ஒரு தாயகம். 2015இல் இங்கு தொடங்கிய லிசியஸ் 2021இல் நூறு கோடி டாலர் மதிப்பைத் தொட்டது. வேறொரு சிறிய நிறுவனத்தின் பதப்படுத்தும் கூடத்துக்குள் செல்ல, பெயர் எழுதக் கூடாது என்ற உறுதியின் பேரில் அனுமதி கிடைத்தது. 4 பாகைக்கு (டிகிரி செல்சியஸ்) கீழே குளிரும் அறையில் உறைபோட்ட கைகள், துருப்பிடிக்காத எஃகு மேசை, தொகுதி எண், நேரம் எல்லாம் உண்டு. அங்கே வேலை பார்க்கும் திண்டுக்கல்லைச் சேர்ந்த இறைச்சித் தொழில்நுட்பர் ஒருவர் எனக்கு நெடுநாளாக இருந்த ஐயத்தைத் தீர்த்தார்.

குளிரில் வைத்த ஆட்டுக்கறி ரப்பரைப் போல இருக்கிறது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். படித்தவர்கள் அதை மூடநம்பிக்கை என்பார்கள். அவர் சொன்ன விளக்கம் இது: வெட்டியபின் தசையில் அமிலம் மெல்ல மெல்ல ஏற வேண்டும், அதற்கு மணிக்கணக்கில் ஆகும். அதற்குள் தசையின் வெப்பம் 10 பாகைக்குக் கீழே இறங்கிவிட்டால் நார்கள் சுருங்கி இறுகிவிடும், பிறகு எவ்வளவு வேகவைத்தாலும் இளகாது. கொழுப்புப் போர்வை தடித்த பெரிய ஆட்டுக்கு இந்த ஆபத்து குறைவு. 11 கிலோ விழும் நம் ஒல்லி ஆடுகள் குளிர் அறையில் விரைவாகக் குளிர்ந்துவிடும், அதனால் அவற்றுக்கே இந்த ஆபத்து அதிகம். ஆக, வெட்டிய சூட்டோடு வாங்கி உடனே வேகவைக்கும் வழக்கத்துக்கும், சூட்டுக்கறிதான் நல்ல கறி என்ற சொல்லுக்கும் காரணம் இருந்திருக்கிறது. முதல் சில மணி நேரம் மிதமான குளிரில் தொங்கவிட்டு, பிறகு ஆழ்ந்த குளிருக்குக் கொண்டுபோவது இதற்குத் தீர்வு. அதற்கு இடமும் நேரமும் வேண்டும், வெட்டிய நேரம் உறுதியாகத் தெரிந்திருக்கவும் வேண்டும். குளிர்பதனக் கிடங்கு உள்ளிட்ட கால்நடைத் தொழில் கட்டமைப்புக்கு வட்டி மானியம் தரும் 15,000 கோடி ரூபாய் நிதியை 2020இல் அறிவித்தார்கள். பெட்டியை வாங்கிவிடலாம். அதற்குள் எந்த நேரத்தில் எதை வைப்பது என்று தெரிந்த ஆள்களையும் உருவாக்காவிட்டால், வாடிக்கையாளர் ஒருமுறை ஏமாந்து பாயின் கடைக்கே திரும்புவார்.

இந்த நிறுவனங்களுக்கும் ஆடு சந்தையிலிருந்துதான் வருகிறது என்பதை அங்கேயே தெரிந்துகொண்டேன். உள்ளே நுழைந்தபின் எல்லாவற்றுக்கும் எண் உண்டு, நுழைவதற்கு முன் துண்டும் விரலும்தான்.

மாலையில் அண்ணனைப் பார்த்து, ஏன் சந்தையில் தராசு வைக்கக் கூடாது என்று நேராகவே கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. தராசு வைத்தால் உப்பு நக்கக் கொடுத்துத் தண்ணீர் குடிக்க வைத்து ஓட்டி வருவார்கள், மூன்று கிலோ தண்ணீருக்கு நான் காசு கொடுக்க வேண்டும் என்றார். அதுவும் சரிதான். அப்படியானால் வெட்டியபின் தொங்கும் கறியை எடை போட்டு, அதற்கேற்ற பணத்தை நேராக வளர்த்தவருக்கே அனுப்பலாமே, பாலுக்கு அப்படித்தானே செய்கிறார்கள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அனுப்பலாம் தம்பி. நாலு நாள் கழிச்சுப் பணம் வரும்னா எவனும் குடுக்க மாட்டான். பொண்ணு கல்யாணம், பையன் பீஸ்னு முந்தின மாசமே எங்கிட்ட வாங்கிட்டுப் போயிருக்கான். அந்த அட்வான்ஸை உங்க தராசு குடுக்குமா?"

கூட்டுறவுச் சங்கம் கொடுக்கலாம், மாட்டுக்கடன் கொடுக்கும் வங்கி ஆட்டுக்கும் கொடுக்கலாம் என்று சொன்னேன். யார் பெயரில் எத்தனை ஆடு என்று எழுதி வைக்க ஆள் வந்தால், தன் நோட்டையே கொடுத்துவிடுவதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளிக்கு வந்தால் அந்த நோட்டில் இருப்பவர்களில் நான்கு பேரையாவது எனக்குக் காட்டுவதாகவும் சொல்லியிருக்கிறார். டெம்போ விடியற்காலை இரண்டு மணிக்குக் கிளம்புகிறது.